ஒலிக்கு முன்னால் கடிகாரம்: நெட்வொர்க்கில் ஒலிக்கருவிகளை ஒத்துப்போக வைப்பது

மேடையில் மைக்குகளைச் செருகும் மேடைப் பெட்டி ஒன்று, ஒலிக்கலவை மேசை ஒன்று. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. இரண்டின் விவரக் குறிப்பிலும் ‘ஏஇஎஸ்67’ என்று, நெட்வொர்க் வழியாக ஒலி அனுப்புவதற்கான பொதுத் தரத்தின் பெயர் போட்டிருக்கிறது. கருவிகளின் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டியான ஸ்விட்ச் ஒன்றில் இரண்டையும் செருகியாயிற்று. விளக்குகள் பச்சையாக மின்னுகின்றன. ஆனால் மேசையின் திரையில் மேடைப் பெட்டியின் பெயரே வரவில்லை. முகவரியைக் கையால் தட்டி இணைத்தால் ஒலி வருகிறது, ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தத்தோடு. அதையும் பொறுத்துக்கொண்டால், நான்கு நிமிடம் சொச்சத்தில் ஒலி அடியோடு நின்றுபோகிறது.

இந்த இடத்தில் பலர் மைக்கையும் ஒலிக் கேபிளையும் மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள். வீண் வேலை. மேலே சொன்ன மூன்று கோளாறுகளில் ஒன்றுகூட ஒலியைச் சேர்ந்தது அல்ல. பெயர் தெரியாதது, கருவிகள் தங்கள் இருப்பை அறிவிக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. ‘டிக்’ சத்தம், கடிகாரக் கோளாறு. நின்றுபோனது, ஸ்விட்ச்சின் வேலை. நெட்வொர்க் ஒலியில் ஒலியைக் கொண்டுபோவதுதான் இருப்பதிலேயே எளிய காரியம். அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில்தான் நேரம் செலவாகிறது.

எதில் உடன்பாடு, எதில் இல்லை

ஈதர்நெட் கேபிளில் ஒலி அனுப்பும் முயற்சி 1990-களிலேயே வணிகமாகிவிட்டது. கோப்ராநெட் 1996-இல் வந்தது. வானொலி நிலையங்களுக்கான லைவ்வயர் 2003-இல். சிட்னியைச் சேர்ந்த ஆடினேட் நிறுவனத்தின் டான்டே அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஒளிபரப்புத் துறையை மனத்தில் வைத்து ஜெர்மனியில் உருவான ராவென்னா 2010-இல். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காக வேலை செய்தது. அடுத்ததோடு பேச மறுத்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்: ஒலியைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கி, நேர முத்திரை குத்தி, ஐபி வழியாக அனுப்புவது. அப்படியானால் பொதுவான ஒரு நடையை எழுதிவிடலாமே என்று ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி முனைந்ததன் பலன்தான் 2013-இல் வெளியான ஏஇஎஸ்67.

இந்தத் தரத்தைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், அது டான்டேவுக்கும் ராவென்னாவுக்கும் போட்டியாக வந்த இன்னொரு முறை என்பது. அது ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தம், அவ்வளவுதான். 48 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட், 1 மில்லி நொடி நீளமுள்ள பாக்கெட். இவற்றை எல்லாக் கருவிகளும் கையாள வேண்டும். கடிகாரத்துக்கு ஐஇஇஇ 1588 தரத்தின் 2008 பதிப்பு. ஒலியைச் சுமக்க ஆர்டிபி. ஓடையின், அதாவது ஒரு கருவி இடைவிடாமல் அனுப்பும் ஒலிப் பாக்கெட் வரிசையின், விவரத்தை எழுத எஸ்டிபி என்ற உரை வடிவம். 96 கிலோஹெர்ட்ஸ், 125 மைக்ரோ நொடி பாக்கெட் போன்றவை விருப்பப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கருவி அவற்றைச் செய்யாவிட்டாலும் ‘ஏஇஎஸ்67’ என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை.

கருவிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைத் தரம் வேண்டுமென்றே கட்டாயமாக்கவில்லை. அந்தப் பகுதியில் நிறுவனங்கள் ஏற்கெனவே நிறைய முதலீடு செய்திருந்தன. அதைத் தொட்டிருந்தால் உடன்பாடே வந்திருக்காது என்று நினைக்கிறேன். நடைமுறை அறிந்தவர்கள் எடுத்த முடிவுதான். அதன் விலையை நிறுவும் பொறியாளர்கள் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நொடிக்கு ஒரு சாம்பிள்

கடிகாரத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு ஒலிக்கருவிக்குள்ளும் ஒரு படிகம் துடிக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியலையை அத்தனை முறை அளந்த எண்கள். ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 20.8 மைக்ரோ நொடி. எந்த இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. வெப்பத்தாலும் வயதாலும் தயாரிப்பு வேறுபாட்டாலும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு விலகல் இருப்பது சாதாரணம்.

பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். 48,000-இல் அது 0.96. ஆக அனுப்பும் கருவி ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய ஒரு சாம்பிளைக் கூடுதலாகத் தள்ளுகிறது. வந்த ஒலியை வாங்கும் கருவி சற்று நேரம் வைத்திருக்கும் நினைவிடமான பஃபரை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று கொண்டால், குழாயில் வருவது வடிகாலில் போவதைவிட நொடிக்கு ஒரு துளி அதிகம். மூன்று பாக்கெட் அளவுள்ள தொட்டி, அதாவது 144 சாம்பிள். பாதி நிறைந்த நிலையில், 72-இல் தொடங்குகிறோம். 75 நொடியில் தொட்டி வழியும். கருவி சில சாம்பிள்களைக் கொட்டிவிட்டு மீண்டும் பாதியிலிருந்து ஆரம்பிக்கும். கொட்டும் அந்தக் கணத்தில் அலை முறிகிறது; அதுதான் காதில் விழும் ‘டிக்’. பஃபரைப் பெரிதாக்கினால் ‘டிக்’ தள்ளிப்போகுமே தவிர ஒழியாது. ஒலி தாமதமாவது மட்டும் உறுதி.

பழைய ஸ்டுடியோக்களில் இதற்கு வழி இருந்தது. ஒரு தலைமைக் கடிகாரப் பெட்டியிலிருந்து தனிக் கேபிள்கள் எல்லாக் கருவிகளுக்கும் ஓடும். அந்தத் துடிப்புக்கு எல்லாமே அடிபணியும். வேர்டு கிளாக் என்பார்கள். நெட்வொர்க் வந்தபோது அந்தத் தனிக் கேபிள் போயிற்று. ஒலி போகும் அதே கேபிளில், மின்னஞ்சலும் படமும் போகும் அதே ஸ்விட்ச் வழியாக, நேரத்தையும் அனுப்ப வேண்டியதாயிற்று. துடிப்பை அனுப்ப முடியாது. பாக்கெட்டுகளை மட்டுமே அனுப்பலாம். பாக்கெட்டுகளோ வழியில் நின்று நின்று வருபவை.

பிடிபி எனப்படும் துல்லிய நேர நெறிமுறை, அதாவது மேலே சொன்ன ஐஇஇஇ 1588, இதை ஒரு சின்னக் கணக்கால் சமாளிக்கிறது. தலைமைக் கடிகாரம் தன் நேரம் 1000 மைக்ரோ நொடி என்று இருக்கும்போது ஒரு செய்தி அனுப்புகிறது. பின்தொடரும் கருவியின் கடிகாரத்தில் அது வந்து சேரும் நேரம் 1530. பின்தொடரும் கருவி தன் கடிகாரம் 1700 காட்டும்போது பதில் செய்தி அனுப்புகிறது. தலைமைக் கடிகாரம் அதை 1230-இல் பெற்றதாகச் சொல்கிறது. போகும்போது 530 ஆகியிருக்கிறது. திரும்பும்போது, அனுப்புவதற்கு முன்பே வந்து சேர்ந்தது போல, கழித்தல் 470. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 30. அது கேபிளிலும் ஸ்விட்ச்சிலும் ஆன உண்மையான தாமதம். இரண்டுக்குமான வேறுபாட்டைப் பாதியாக்கினால் 500. பின்தொடரும் கடிகாரம் அவ்வளவு முன்னால் ஓடுகிறது. இனி அது தன்னைத் திருத்திக்கொள்ளலாம். ஏஇஎஸ்67 பரிந்துரைக்கும் அமைப்பில் தலைமைக் கடிகாரத்தின் நேரச் செய்தி நொடிக்கு 8 முறை வருகிறது.

கணக்கு அழகானது. ஆனால் அது முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும். ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் வாயில்) வேறொரு பாக்கெட் முன்னால் நின்றுவிட்டால் நம்பிக்கை உடைகிறது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 100 மெகாபிட் இணைப்பில் வெளியேற 120 மைக்ரோ நொடி ஆகும். ஜிகாபிட் இணைப்பில் 12. போகும்போது 70, திரும்பும்போது 30 என்று ஆனால், கணக்கில் 20 மைக்ரோ நொடி பிழை நுழையும். கிட்டத்தட்ட ஒரு சாம்பிள். ஒரு முறை என்றால் கருவியின் வடிகட்டி அதைச் சமன் செய்துவிடும். ஓயாமல் நடந்தால் கடிகாரம் தள்ளாடும். ஒலி நெட்வொர்க்கில் ஜிகாபிட் ஸ்விட்ச் வேண்டும் என்று சொல்வதற்கு, எத்தனை சேனல் போகும் என்பதைவிட இதுவே முக்கியக் காரணம். பெரிய அமைப்புகளில் பிடிபியைப் புரிந்துகொள்ளும் ஸ்விட்ச்சுகளே உண்டு. சில, பாக்கெட் தன்னிடம் எவ்வளவு நேரம் தங்கியது என்று அளந்து செய்தியிலேயே எழுதிவிடும். சில, தாங்களே கடிகாரத்தைப் பெற்றுக்கொண்டு கீழே உள்ளவர்களுக்குப் புதிதாக வழங்கும். நான்கைந்து கருவிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை.

யார் தலைமை?

பிடிபியில் தலைமைக் கடிகாரம் நியமிக்கப்படுவதில்லை, தேர்ந்தெடுக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளும் தங்கள் தகுதியை அறிவிக்கின்றன. முதலில் முதல்நிலை முன்னுரிமை எண்ணைப் பார்ப்பார்கள்; சிறிய எண் வெல்லும். அது சமமானால் கடிகாரத்தின் வகை. ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய கடிகாரத்துக்கு 6, சாதாரணக் கருவிக்கு 248. பிறகு துல்லியம், நிலைத்தன்மை, இரண்டாம்நிலை முன்னுரிமை. அனைத்தும் சமமாக இருந்தால் கருவியின் அடையாள எண். அதிலும் சிறியதே வெல்லும்.

தொழிற்சாலை அமைப்பை யாரும் தொடாத நெட்வொர்க்கில் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான் தீர்ப்புச் சொல்கிறது. அடையாள எண் பொதுவாகப் பிணைய அட்டையின் முகவரியிலிருந்து வருவது. ஆக, அரங்கத்தின் நேரம் முழுவதையும் ஆளும் பொறுப்பு, சுவரில் பொருத்திய ஒரு மலிவான இரண்டு சேனல் பெட்டிக்குப் போய்விடலாம். யாரோ அந்தப் பெட்டியின் மின்சாரத்தை அணைத்தால் எல்லாக் கருவிகளும் புதுத் தலைமையைத் தேடித் திரும்பும். நல்ல கருவி இந்த மாற்றத்தை ஒலியில் தெரியாமல் கடந்துவிடும். எல்லாக் கருவியும் நல்ல கருவி அல்ல.

எனவே தேர்தலை அதன் போக்கில் விடக்கூடாது. எப்போதும் மின்சாரம் உள்ள, எவரும் கை வைக்காத ஒரு கருவிக்குச் சிறிய முன்னுரிமை எண். அதற்கு மாற்றாக இன்னொன்றுக்கு அடுத்த எண். மற்றவை இயல்பான 128-இலேயே இருக்கட்டும். தலைமையாகவே வரக்கூடாத கருவிகளை, அப்படி ஒரு வசதி இருந்தால், பின்தொடர மட்டும் என்று பூட்டிவிடலாம்.

அடுத்து டொமைன் எண். ஒரே கேபிளில் பல பிடிபி குழுக்கள் இருக்கலாம். எண் வேறானால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. ஏஇஎஸ்67-இன் இயல்பு 0. தொலைக்காட்சி நிலையங்கள் பின்பற்றும் எஸ்எம்பிடிஇ எஸ்டி 2059-2 என்ற அமைப்பின் இயல்பு 127. படத்தையும் ஒலியையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கும் இடங்களில் முதல் நாளே முட்டிக்கொள்வது இங்குதான். அறிவிப்புச் செய்தி வரும் வேகமும் இரண்டிலும் வேறு: அங்கே இயல்பாக நொடிக்கு 4, இங்கே 2 நொடிக்கு ஒன்று. வேகமாக எதிர்பார்க்கும் கருவி, மெதுவாக வரும் அறிவிப்பைப் பார்த்துத் தலைமை செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். இரு தரப்புக்கும் பொதுவான மதிப்புகளை ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியே 2016-இல் ஓர் அறிக்கையாகத் தொகுத்திருக்கிறது. அந்த மதிப்புகளைக் கையால் எல்லாக் கருவிகளிலும் பதிப்பதுதான் வழி.

டான்டே பக்கம் இன்னொரு மடிப்பு இருக்கிறது. அது தன் சொந்த நடையில் 1588-இன் 2002 பதிப்பைப் பயன்படுத்துகிறது. 2002 பதிப்பும் 2008 பதிப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாதவை. டான்டே கருவியில் ஏஇஎஸ்67 முறையை இயக்கி, மறுபடி தொடக்கினால்தான் அது இரண்டு பதிப்புகளையும் பேசும். அப்போது அந்தக் கருவி இரு உலகங்களுக்கும் நடுவே பாலமாகிறது: வெளியிலிருந்து புதிய பதிப்பில் நேரம் வாங்கி, பழைய பதிப்பில் மற்ற டான்டே கருவிகளுக்குக் கொடுக்கும், அல்லது நேர்மாறாக. கட்டுப்பாட்டு மென்பொருளில் டான்டே கருவிகள் எல்லாம் பச்சை, ராவென்னா கருவிகள் எல்லாம் பச்சை, ஆனால் இரண்டும் தனித்தனித் தலைமையின் கீழ் என்ற நிலை வரலாம். பச்சை விளக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு கருவியும் எந்தத் தலைமையின் அடையாள எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால்தான் ஒரே நேரம்.

தலைமை வேறாக இருந்தால் பல கருவிகள் ஒலியை வாங்கவே மறுக்கும். அது நல்ல குணம். வேறு சில, பேசாமல் வாங்கி ‘டிக்’ போட்டுக்கொண்டே இருக்கும்.

பாக்கெட்டின் கொள்ளளவு

1 மில்லி நொடி பாக்கெட்டில் ஒரு சேனலுக்கு 48 சாம்பிள். 24 பிட் என்றால் சாம்பிளுக்கு 3 பைட். எட்டுச் சேனல் சேர்ந்தால் 1152 பைட். பாக்கெட்டில் ஒலிக்கான இடம் அதிகபட்சம் 1440 பைட் என்று தரம் வரையறுத்திருப்பதால், பத்துச் சேனலுக்கு மேல் ஏறாது, வழக்கில் எட்டு. ஒரே ஓடையில் 64 சேனல் வேண்டும் என்பவர்கள் 125 மைக்ரோ நொடிக்கு இறங்குகிறார்கள். அங்கே சேனலுக்கு 6 சாம்பிள்தான், 64 சேனலும் அதே 1152 பைட்டில் அடங்கிவிடும். பாக்கெட்டுகளின் எண்ணிக்கை மட்டும் நொடிக்கு 1000-இலிருந்து 8000 ஆகும். இதை எல்லாக் கருவிகளும் தாங்குவதில்லை. ஆகவே அறிமுகமில்லாத இரு கருவிகளை இணைக்கும்போது எட்டுச் சேனல், 1 மில்லி நொடி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று தொடங்குவதே விவேகம். டான்டே கருவிகள் ஏஇஎஸ்67 முறையில் ஓடை ஒன்றுக்கு எட்டுச் சேனல்வரைதான் போகும், மல்டிகாஸ்ட் ஓடைகளை, அதாவது ஒருமுறை அனுப்பிப் பலர் வாங்குபவற்றை, மட்டுமே பேசும்.

எட்டுச் சேனல் ஓடை ஒன்று, பாக்கெட்டின் முகவரி போன்ற குறிப்புகள் அடங்கிய தலைப்புகள் எல்லாம் சேர்த்து, கேபிளில் நொடிக்குச் சுமார் 9.8 மெகாபிட் இடம் பிடிக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் ஸ்விட்ச் பகுதி எளிதில் புரியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

ஓடையை வாங்க விரும்பும் கருவிக்கு என்னென்ன தெரிய வேண்டும்? மல்டிகாஸ்ட் முகவரி, போர்ட் எண் (ஸ்விட்ச்சின் வாயில் அல்ல, ஒரே முகவரிக்கு வரும் செய்திகளைப் பிரித்தறியும் எண்), சேனல் எண்ணிக்கை, பிட் ஆழம், பாக்கெட் நீளம், எந்தத் தலைமைக் கடிகாரம், எந்த டொமைன், நேர முத்திரையின் தொடக்கப் புள்ளி. பத்துப் பதினைந்து வரிகளில் இவற்றைச் சொல்லும் சிறிய உரைதான் எஸ்டிபி. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். சிக்கல் வந்தால் முதலில் படிக்க வேண்டியதும் அதுவே.

இந்த உரையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. டான்டே கருவிகள் ஏஇஎஸ்67 ஓடைகளை எஸ்ஏபி என்ற முறையில் அவ்வப்போது உரக்க அறிவிக்கும், 239.255.255.255 என்ற முகவரியில் 9875-ஆம் போர்ட்டில். ராவென்னா கருவிகள் வேறொரு முறையில் தங்களைப் பதிந்துவைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் விவரம் தரும். இரண்டும் தங்கள் போக்கில் நியாயமானவை. ஒருவர் கூவுகிறார், இன்னொருவர் கேட்டால் சொல்கிறார். ஆகவே ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. நடுவே நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருள்கள் கிடைக்கின்றன. பல ராவென்னா கருவிகளில் இப்போது எஸ்ஏபி வசதியும் சேர்ந்திருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் உரையை நகலெடுத்து ஒட்டலாம்; அழகில்லை, ஆனால் தவறாமல் வேலை செய்கிறது. ஒளிபரப்பு உலகம் என்எம்ஓஎஸ் என்ற பதிவேட்டு முறைக்கு நகர்ந்துவருகிறது. அது பெரிய நிலையங்களுக்குப் பொருந்தும். சிறிய அரங்குக்குத் தேவைக்கு மீறிய ஏற்பாடு.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. டான்டேவின் ஏஇஎஸ்67 ஓடைகள் இயல்பாக 239.69 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கும்; மறுபக்கக் கருவியின் ஓடைகளையும் அதே தொடக்கத்தில் அமைத்துவிட்டால் ஒரு தொல்லை குறையும். மற்றொன்று நேர முத்திரையின் தொடக்கப் புள்ளி. ஆர்டிபியின் பொது விதிப்படி அது ஏதாவது ஒரு எண்ணிலிருந்து தொடங்கலாம். தொலைக்காட்சிக்கான எஸ்எம்பிடிஇ எஸ்டி 2110 அதைப் பூஜ்ஜியம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. எங்கும் பூஜ்ஜியம் வைப்பதே நல்லது. இந்த முத்திரை 32 பிட் எண் என்பதால் 48 கிலோஹெர்ட்ஸில் 24 மணி 51 நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். ஒழுங்காக எழுதிய மென்பொருளுக்கு இது பொருட்டே இல்லை. நாள்தோறும் முந்தைய நாளைவிட 51 நிமிடம் தள்ளி ஒரு சொடுக்கு கேட்டால் மட்டும் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சின் மறதி

மல்டிகாஸ்ட் என்பது ஒருமுறை அனுப்பிப் பலர் வாங்குவது. ஸ்விட்ச்சுக்கு எதுவும் சொல்லாவிட்டால், யார் கேட்டார்கள் என்று தெரியாமல் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். பத்து ஓடைகள் இருந்தால் சுமார் 98 மெகாபிட். 100 மெகாபிட் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிக் கருவி ஒன்று அதோடு மூச்சுத் திணறிவிடும். இதைத் தடுக்கத்தான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். எந்தப் போர்ட்டில் உள்ள கருவி எந்த ஓடையைக் கேட்டது என்பதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளும். அங்கே மட்டும் அனுப்பும்.

குறிப்புக்கு ஆயுள் உண்டு. ‘இன்னும் வேண்டுமா?’ என்று யாராவது அவ்வப்போது கேட்க வேண்டும். கருவிகள் ‘வேண்டும்’ என்று சொன்னால் குறிப்பு புதுப்பிக்கப்படும். கேட்பவருக்குக் குவெரியர் என்று பெயர். வழக்கமான மதிப்புகளின்படி 125 நொடிக்கு ஒரு கேள்வி; 260 நொடிக்குள் பதில் வராவிட்டால் குறிப்பு அழிக்கப்படும். ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டுக் குவெரியரை இயக்க மறந்தால் கேட்பவரே இல்லை. இணைத்த கணத்தில் ஒலி அருமையாக வரும். சோதித்தவர் திருப்தியோடு போய்விடுவார். 4 நிமிடம் 20 நொடியில் ஸ்விட்ச் மறந்துவிடும், ஒலி நிற்கும். கருவியை அணைத்துப் போட்டால் மறுபடி 4 நிமிடம் 20 நொடி. இவ்வளவு சீரான கோளாறு வேறு எதுவும் இல்லை. கடிகாரம் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நெட்வொர்க்கில் ஒரு ஸ்விட்ச்சிலாவது குவெரியர் இயங்க வேண்டும். பலவற்றில் இயங்கினால் மிகச் சிறிய ஐபி முகவரி கொண்டது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

பிடிபி செய்திகளும் மல்டிகாஸ்ட்தான், 224.0.1.129 என்ற முகவரி. ஸ்னூப்பிங் தவறினால் ஒலியோடு கடிகாரமும் போகும். அப்போது பின்தொடர்ந்துகொண்டிருந்த கருவிகள் தாங்களே தலைமை என்று அறிவித்துக்கொள்ளத் தொடங்கும். ஒரே நேரத்தில் மூன்று தலைமைகள் தெரிந்தால் கருவிகளைத் திட்டாமல் ஸ்விட்ச்சைப் பாருங்கள்.

மின்சாரத்தைச் சேமிக்கும் ஈதர்நெட் வசதியை ஒலி போகும் போர்ட்டுகளில் அணைத்துவிட வேண்டும். வேலை இல்லாத நுண்கணங்களில் அது இணைப்பைத் தூங்கவைக்கும். எழுந்துவர ஆகும் நேரம் பிடிபி கணக்கில் பிழையாகச் சேரும். வைஃபை வழியாக இவற்றைச் செய்ய முயல்வதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

முகவரி ஒதுக்குவதிலும் ஒரு மறைகுழி உண்டு. மல்டிகாஸ்ட் ஐபி முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே ஈதர்நெட் முகவரிக்கு மாறும். 239.69.1.1, 239.197.1.1 என்ற இரண்டும் பல ஸ்விட்ச்சுகளின் கண்ணுக்கு ஒன்றே. ஒன்றைக் கேட்டால் இரண்டும் வரும்.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமான மோதல் முன்னுரிமைக் குறியில் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்ற எண் உண்டு. நெரிசலில் யாரை முதலில் விடுவது என்று ஸ்விட்ச் அதைப் பார்த்து முடிவெடுக்கும். டான்டே தன் கடிகாரச் செய்திகளுக்கு 56, ஒலிக்கு 46 போடுகிறது. ஏஇஎஸ்67 பரிந்துரைப்பது கடிகாரத்துக்கு 46, ஒலிக்கு 34. டான்டேவுக்கென்று அமைத்த ஸ்விட்ச்சில் ஏஇஎஸ்67 கடிகாரம் இரண்டாம் வரிசையில் ஒலிப் பாக்கெட்டுகளோடு இடித்துக்கொண்டு நிற்கும். 34 போட்ட ஒலியோ மின்னஞ்சலோடு கடைசி வரிசையில். நெட்வொர்க் காலியாக இருக்கும் சோதனை நாளில் இது தெரியவே தெரியாது. நிகழ்ச்சி நாளில், கேமராக்களும் கணினிகளும் சேர்ந்தபின், எங்கோ ஒரு பாக்கெட் பிந்தும். இரு நடைகளும் கலந்து ஓடும் இடத்தில் 56-ஐயும் கடிகாரத்தின் 46-ஐயும் மேல் வரிசையில் வைத்து, 34-ஐ அதற்கடுத்த வரிசைக்கு உயர்த்துவது குறைந்தபட்சத் தேவை. கருவியில் எண்ணை மாற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எல்லோரும் ஒரே கணத்தில்

கடிகாரங்கள் ஒன்றாகிவிட்டன, ஒலி வருகிறது. இதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. பாக்கெட் சேர 1 மில்லி நொடி, கடக்கச் சில பத்து மைக்ரோ நொடி, வாங்கும் கருவியின் பஃபரில் கொஞ்சம். முத்திரை குத்திய கணத்துக்கும் ஒலி வெளிவரும் கணத்துக்கும் இடையே எவ்வளவு விட வேண்டும் என்பது வாங்கும் கருவியின் அமைப்பில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் 2 மில்லி நொடியிலும் பக்கத்து ஸ்பீக்கர் 5 மில்லி நொடியிலும் வைக்கப்பட்டால், ஒன்றை ஒரு மீட்டர் பின்னால் தள்ளிவைத்ததற்குச் சமம். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒலி குடைந்தாற்போல் கேட்கும். ஒத்திசைவு பிசகிவிட்டது என்று கடிகாரத்தைக் குடைவார்கள். கடிகாரம் துல்லியமாகத்தான் இருக்கிறது. எல்லா ஸ்பீக்கரிலும் தாமத மதிப்பை ஒன்றாக வைத்தால் போதும். அந்த மதிப்பு, நெட்வொர்க்கிலேயே மிகத் தொலைவிலும் மிக மெதுவாகவும் உள்ள கருவிக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

சரிபார்க்க வயர்ஷார்க் போன்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருள் ஒன்றே போதும். 319, 320 போர்ட்டுகளில் கடிகாரம், 9875-இல் அறிவிப்பு, பெரும்பாலும் 5004-இல் ஒலி. ஸ்னூப்பிங் இயங்கும் ஸ்விட்ச்சில் கணினியைச் சும்மா செருகினால் ஒலிப் பாக்கெட் கண்ணில் படாது. ஒலிக்கருவி செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டைப் பிரதி எடுக்கும் அமைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே கடிகாரத்தின் கீழ் கொண்டுவரவே முடியாத அமைப்புகளும் உண்டு: வெளியிலிருந்து வரும் ஒளிபரப்பு வண்டி, தன் கடிகாரத்தை விட்டுக்கொடுக்காத நிலையம், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பழைய பதிவுக் கருவி. அங்கே பிடிவாதம் வேண்டாம். நடுவே சாம்பிள் வேகத்தை இடைவிடாமல் மாற்றிக்கொடுக்கும் ஒரு மாற்றியை வைத்துவிடலாம். சிறிது தாமதம் கூடும். அலைகள் புதிதாகக் கணக்கிடப்படுவதால், பிட்டுக்குப் பிட் அதே ஒலி என்று சொல்ல முடியாது. காதுக்கு வேறுபாடு தெரிவது அரிது. இரண்டு பக்கமும் அவரவர் தலைமையின் கீழ் நிம்மதியாக இருக்கும், ஒருவர் தன் ஸ்விட்ச்சை மறுதொடக்கம் செய்தாலும் மற்றவரின் கடிகாரம் அசையாது.